வாட்சுக்கு எஃப்.சி. போட்ட மனுஷன்

நாமக்கல்ல லாரி வெச்சிருக்கிற எந்த வீட்டுல போய்க் கேட்டாலும், எஃப்.சி.ன்னா என்னன்னு சின்னப் பிள்ளைகூட சொல்லும். வண்டி ஷோரூம்ல இருந்து வந்தப்போ எப்படி இருந்ததுங்கிற பேச்சே அங்க எடுபடாது. இன்னிக்கு பிரேக் பிடிக்குதா, லைட் எரியுதா, ஸ்டியரிங் ஆடாம நிக்குதா? அதைப் பார்த்துத்தான் சான்று. அந்தச் சான்றுக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. தேதி முடிஞ்சா மறுபடியும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும்.

இதே வேலையை, லாரியே இல்லாத காலத்துல, பாக்கெட் வாட்சுக்குச் செய்ய வெச்ச ஒருத்தர் இருந்தார். அமெரிக்காவுல ரயில் ஓட்டின ஆயிரக்கணக்கான பேர் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை தங்களோட வாட்சைக் கொண்டுபோய்க் காட்டி, அட்டையில கையெழுத்து வாங்கிக்கிட்டு வேலைக்குப் போனாங்க. அந்த ஏற்பாட்டை நாடு முழுக்கப் பரப்பினவர் வெப்ஸ்டர் கிளே பால். சுருக்கமா வெப் சி. பால். அவர் இஞ்சினியர் கிடையாது. வாட்ச் ஃபேக்டரி முதலாளியும் கிடையாது. ஒரு நகைக்கடைக்காரர். ஆனா தரம்னா என்ன, அதை யார் சொல்லணும், எத்தனை தடவை சோதிக்கணும்ங்கிற கேள்விகளுக்கு அவர் வாழ்க்கை நல்ல பாடம். குவாலிட்டி கன்ட்ரோல் பேப்பர் எழுதப் போறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய ஆள்.

பண்ணையில இருந்து நகைக்கடைக்கு

1840-களின் கடைசியில, ஒஹாயோ மாநிலத்துல ஃபிரெடரிக்டவுன்ங்கிற சின்ன ஊர்ல, விவசாயக் குடும்பத்துல பிறந்தவர் பால். ஏர் பிடிக்கிறதைவிட சின்னச் சின்ன சக்கரங்கள் மேலதான் அவருக்கு ஆசை. வாலிப வயசுல ஒரு நகைக்கடையில தொழில் கத்துக்கச் சேர்ந்தார். அந்தக் காலத்து நகைக்கடைன்னா தங்கம் விக்கிற இடம் மட்டும் இல்ல. கடிகாரம் விக்கிறது, பிரிச்சு ரிப்பேர் பார்க்கிறது, ஊருக்குச் சரியான நேரம் சொல்றது, எல்லாமே அங்கதான்.

அப்புறம் சின்சினாட்டி பக்கம் டியூபர்ங்கிற நிறுவனத்துல வேலை பார்த்தார். வாட்சோட வெளிக்கூடு செய்யிற கம்பெனி அது. அவர் பார்த்தது வியாபாரப் பக்கம். இந்த அனுபவம் பின்னால ரொம்ப உதவுச்சு. உள்ள ஓடுற மெஷினை ஒரு கம்பெனி செய்யுது, கூட்டை இன்னொரு கம்பெனி செய்யுது, ரெண்டையும் சேர்த்துக் கடைக்காரர் விக்கிறார். ஆக, வாங்குறவர் கண்ணுக்குப் பளபளன்னு தெரியிறது கூடும் டயலும்தான். நேரத்தைக் காப்பாத்துறது உள்ள இருக்கிற மூவ்மென்ட். இந்த வித்தியாசம் பாலுக்கு ஆரம்பத்துலயே புரிஞ்சிருந்தது.

1879-ல கிளீவ்லாந்து நகரத்துக்கு வந்து ஒரு நகைக்கடையில பங்கு வாங்கினார். சீக்கிரமே அந்தக் கடை அவர் பேருக்கே மாறிடுச்சு.

ஊருக்கு ஒரு மணி

அப்போ அமெரிக்காவுல ஊருக்கு ஊர் நேரம் வேற. சூரியன் உச்சிக்கு வந்தா அந்த ஊருக்கு மத்தியானம் 12. ரயில்வே கம்பெனிகளும் ஆளுக்கொரு நேரம் வெச்சிருந்தாங்க. சுமார் 50 விதமான ரயில்வே நேரங்கள் புழக்கத்துல இருந்தன. 1883 நவம்பர் 18-ம் தேதி ரயில்வேக்கள் எல்லாம் சேர்ந்து இதுக்கு முடிவு கட்டி, சில மண்டலங்களாப் பிரிச்சு பொது நேரத்துக்கு மாறினாங்க. அந்தச் சமயத்துல வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்துல இருந்து தந்தியில வர்ற நேர சிக்னலை கிளீவ்லாந்துக்குக் கொண்டுவந்தவர் பால். ஊர்க்காரங்க தங்களோட வாட்சைச் சரிபண்ண அவர் கடைக்கு வர ஆரம்பிச்சாங்க. நேரம்ங்கிறது பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து வெக்கிற விஷயம் இல்ல, எங்கயோ ஒரு மூலத்தோட ஒப்பிட்டுத்தான் வெக்கணும்ங்கிற எண்ணம் அப்போவே அவர்கிட்ட இருந்தது. நாம லேப்ல காலிப்ரேஷன்னு சொல்றது இதைத்தான்.

நம்ம பக்கமும் இதே கதைதான். 1860-களின் தொடக்கத்துலயே மெட்ராஸ் ரயில்வே சேலம் வழியா மேற்குக் கடற்கரைக்குப் போயிடுச்சு. சென்னை நுங்கம்பாக்கத்துல இருந்த வானாய்வகம் கணிச்ச மெட்ராஸ் நேரம், தந்தி வழியா நாடு முழுக்கப் போய், இந்திய ரயில்வேக்களுக்கே பொது நேரமா ஆச்சு. மெட்ராஸ் ரேகை கிழக்கே சுமார் 80.25 டிகிரி. சேலம் சுமார் 78.15. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னு போட்டுப் பாருங்க. சேலத்துல சூரியன் உச்சிக்கு வர்றதுக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல இருக்கும்போதே, சேலம் ஸ்டேஷன் கடிகாரம் 12 காட்டியிருக்கும். சூரியனைப் பார்த்து ஸ்டேஷனுக்குக் கிளம்பின ஆளுக்கு வண்டி போயிருக்கும். 1906-ல இந்தியாவுக்கு இப்போ இருக்கிற பொது நேரம் வர்ற வரைக்கும் இந்த ரெட்டைக் கணக்கு இருந்துச்சு.

கிப்டன்ல நாலு நிமிஷம்

பாலோட பேரை நிலைநிறுத்தினது ஒரு விபத்து. அதைப் புரிஞ்சுக்க நம்ம சேலம் – கரூர் லைனை நினைச்சுக்கோங்க. ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியா 2013-ல திறந்த லைன், ஒத்தைத் தண்டவாளம். எதிரெதிர் வண்டிகள் ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல கிராஸ் ஆகணும். ஒண்ணு ஒதுங்கி லூப் லைன்ல நிக்கும், இன்னொண்ணு கடந்து போகும். இப்போ சிக்னல், இன்டர்லாக்கிங், கன்ட்ரோல் ரூம்னு எல்லாம் இருக்கு. 1891-ல அமெரிக்காவுல பெரும்பாலான ஒத்தைத் தண்டவாளங்கள்ல டைம்டேபிள், தந்தியில வந்த ஆர்டர், அப்புறம் ஓட்டுறவர் பாக்கெட்ல இருந்த வாட்ச். அவ்வளவுதான். இந்த ஸ்டேஷனுக்கு இத்தனை மணிக்குள்ள போய் ஒதுங்கிடுன்னு காகிதத்துல எழுதிக் கொடுப்பாங்க. மீதி எல்லாம் அந்த வாட்ச் கையில.

1891 ஏப்ரல்ல, கிளீவ்லாந்துக்கு மேற்கே இருக்கிற கிப்டன்ங்கிற சின்ன ஸ்டேஷன்ல லேக் ஷோர் ரயில்வேயோட ரெண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. ஒண்ணு வேகமா வந்த தபால் வண்டி. இன்னொண்ணு அதுக்கு வழிவிட்டு கிப்டன்ல ஒதுங்கியிருக்க வேண்டிய பயணிகள் வண்டி. பரவலாச் சொல்லப்படுற விவரம் இது: பயணிகள் வண்டி டிரைவரோட வாட்ச் நடுவுல நாலு நிமிஷம் நின்னு, அப்புறம் தானாவே ஓட ஆரம்பிச்சிடுச்சு. அவருக்கு அது தெரியல. கையில இருந்த நேரப்படி அவர் சரியாத்தான் போனார். கார்டுகிட்டயும் ஒரு வாட்ச் இருந்துச்சு. அதை அவர் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கல. எட்டுப் பேர் செத்துப்போனாங்க. அதுல பெரும்பாலானவங்க ஓடுற வண்டியில நின்னு தபால் பிரிச்சுக்கிட்டிருந்த ஊழியர்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி நாலு நிமிஷத்துல 4 கிலோமீட்டர் போயிடும். ஒரு வாட்ச் நாலு நிமிஷம் தூங்கினா, வண்டி எங்க இருக்குங்கிற கணக்குல 4 கிலோமீட்டர் பிழை. இதுல இன்னொரு கொடுமையும் இருக்கு. நின்னே போன வாட்ச்னா யாரும் கண்டுபிடிச்சிடலாம். நின்னுட்டு மறுபடி ஓடுற வாட்சைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொரு கடிகாரத்தோட ஒப்பிட்டாத்தான் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்க இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்னு தலையில அடிச்சுக்கிறதும் இதே மாதிரி பிழையைத்தான்.

விபத்துக்கு அப்புறம் லேக் ஷோர் ரயில்வே பாலைக் கூப்பிட்டு, தங்களோட நேரத்துக்கும் வாட்சுக்கும் தலைமைப் பரிசோதகரா நியமிச்சது. கிப்டனுக்கு முன்னாடியே சில ரயில்வேக்கள் வாட்ச் சோதனை நடத்திக்கிட்டுத்தான் இருந்தன. 1853-லயே நியூ இங்கிலாந்து பக்கம் வாட்ச் பின்னாடி ஓடினதால ஒரு மோதல் நடந்து, அங்க இருந்த ரயில்வேக்கள் நல்ல வாட்சுகளைத் தேட ஆரம்பிச்சிருந்தாங்க. அதனால முதல்ல கண்டுபிடிச்சவர் பால்னு சொல்றது தப்பு. சிதறிக் கிடந்த பழக்கத்தை ஒரு முறையா மாத்தி, கம்பெனி கம்பெனியாக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் வேலை.

அவர் கேட்டது என்ன?

பாலும் ரயில்வேக்களும் சேர்ந்து வளர்த்த விதிகளைப் பார்த்தா, ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு காரணம் இருக்கும்.

டயலுக்கு மேல மூடி கூடாது. வெள்ளை டயல்ல தடிமனான கறுப்பு எண்கள், 1, 2, 3ன்னு. ரோமன் எண் வேண்டாம். குலுங்குற இஞ்சின்ல, மங்கின வெளிச்சத்துல, ஒரே பார்வையில படிக்கணும்.

சாவி கொடுக்கிற குமிழ் 12 மணிக்கு நேர் மேல இருக்கணும். வாட்சை எப்படி எடுத்தாலும் தலை எது, கால் எதுன்னு குழப்பம் வரக்கூடாது.

முள்ளைத் திருப்புறதுக்கு லீவர். சாதாரண வாட்சுல குமிழை இழுத்துத் திருகினா முள் நகரும். பாக்கெட்ல இருந்து எடுக்கும்போது குமிழ் தவறி இழுபட்டா, நமக்கே தெரியாம நேரம் மாறிடும். ரயில்வே வாட்சுல முன்பக்கக் கண்ணாடி வளையத்தைக் கழட்டி, டயல் ஓரத்துல ஒளிஞ்சிருக்கிற லீவரை இழுத்தாத்தான் முள் நகரும். தற்செயலா நடக்க வாய்ப்பே இல்ல. யாரும் தப்புப் பண்ண முடியாத மாதிரி டிசைன் பண்றதை ஜப்பான்காரங்க போகா-யோகேன்னு பேர் வெச்சுச் சொல்றதுக்குப் பல பத்து வருஷம் முன்னாடி வந்த டிசைன் இது.

அடுத்தது பொசிஷன். வாட்சைப் படுக்க வெச்சா ஒரு வேகம், நிக்க வெச்சா ஒரு வேகம் ஓடும். பேலன்ஸ் வீல்ல எடை ஒரு பக்கம் துளி கூடுதலா இருந்தாலும், நிக்கிற நிலையில ஈர்ப்பு விசை அதோட ஆட்டத்தை மாத்திடும். டயல் மேல, டயல் கீழ, குமிழ் மேல, குமிழ் கீழ, இடது, வலதுன்னு மொத்தம் ஆறு நிலை. அதுல குமிழ் கீழ இருக்கிற நிலையில யாரும் பாக்கெட்ல வெக்கிறதில்ல. அதை விட்டுட்டு மீதி அஞ்சு நிலையிலயும் சரியா ஓடுற மாதிரி சரிபண்ணணும்னு விதி வந்துச்சு.

வெப்பம். சூடானா ஹேர்ஸ்பிரிங் தளர்ந்து வாட்ச் மெதுவா ஓடும். அதுக்கு பேலன்ஸ் வீல் விளிம்பை ரெண்டு உலோகத்துல செஞ்சாங்க. உள்ள எஃகு, வெளிய பித்தளை. சூடானா பித்தளை அதிகம் நீளும், விளிம்பு உள்பக்கமா வளையும், சுழல் நிலைமம் குறையும், வாட்ச் கொஞ்சம் வேகமாகும். ஒரு பிழை இன்னொரு பிழையை ஈடுகட்டிடும். சோதனை செஞ்ச வரம்பு 34 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட். நம்ம கணக்குல ஏறத்தாழ 1 முதல் 38 டிகிரி செல்சியஸ். ஏப்ரல், மே மாச சேலம் வெயில் பல நாள் இந்த மேல்வரம்பைத் தாண்டிடும். ஒஹாயோ குளிருக்கும் வெயிலுக்கும் எழுதின விதி சேலத்துக்குப் போதாது. எந்த ஸ்டாண்டர்டும் ஏதோ ஒரு ஊரை மனசுல வெச்சு எழுதினதுதான்.

இதெல்லாம் சேர்ந்து கடைசியில கேட்டது ஒரே ஒரு எண்ணைத்தான். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. ஒரு வாரத்துல 6,04,800 விநாடி. 30-ஐ அதால வகுத்தா, பத்து லட்சத்துல 50 பங்கு பிழை. குலுங்குற இஞ்சின்ல, ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் மட்டும் வெச்சு, 130 வருஷத்துக்கு முன்னாடி.

பேர் ஒண்ணு, தரம் வேற

பழைய வாட்ச் சேகரிக்கிறவங்க அதிகமா ஏமாந்துபோற இடம் இதுதான். ரயில்வே தரம்னு ஒரே ஒரு தரம் எப்பவும் இருந்ததில்ல. அது நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு.

எல்ஜின் கம்பெனியோட பி.டபிள்யூ. ரேமண்டை எடுத்துக்கோங்க. 1867-ல அந்தக் கம்பெனி வெளியிட்ட முதல் மூவ்மென்ட். கம்பெனியோட முதல் தலைவர், சிகாகோவோட முன்னாள் மேயர் பேரை வெச்சாங்க. ஆரம்பத்துல 15 ஜுவல், 18 சைஸ். ரயில்வேக்காரங்க விரும்பி வாங்கினாங்க. பின்னால அதே பேர்ல 17 ஜுவல் வந்துச்சு. அப்புறம் 19, அப்புறம் 21. சைஸும் 18-ல இருந்து 16-க்கு இறங்குச்சு. வால்தம் கம்பெனி 1870-ல கொண்டுவந்த கிரெசென்ட் ஸ்ட்ரீட் கதையும் இதேதான். தனிச் சாவி போட்டு முறுக்கின 15 ஜுவல்ல ஆரம்பிச்சு, குமிழ் திருகுற 21 ஜுவல் வரைக்கும் அதே பேர். பேரை மட்டும் பார்த்து ரெண்டு ரேமண்டை ஒப்பிடுறது, மாடல் வருஷம் பார்க்காம ரெண்டு புல்லட்டை ஒப்பிடுற மாதிரி.

சைஸ்ங்கிறது பழைய இங்கிலாந்து அளவு. 0 சைஸ்னா ஓர் அங்குலமும் 5/30 பங்கும். ஒவ்வொரு சைஸுக்கும் 1/30 அங்குலம் கூடும். 18 சைஸ் சுமார் 45 மில்லிமீட்டர், 16 சைஸ் சுமார் 43. வித்தியாசம் ரெண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனா மெலிசான 16 சைஸ் பாக்கெட்ல சுலபமா உக்காரும். 18 சைஸ் மெல்ல மெல்ல வழக்கொழிஞ்சு போச்சு.

ஜுவல் விஷயம் இன்னும் சுவாரசியம். ஜுவல்ங்கிறது மதிப்புக்கு வெச்ச கல் இல்ல, பேரிங். உலோகத்துல உலோகம் உரசினா தேயும், எண்ணெய் கெடும். கெட்டியான, வழுவழுப்பான கல்லுல எஃகு முனை சுத்தினா தேய்மானம் குறைவு. முக்கியச் சக்கரங்களோட ரெண்டு முனைக்கும், லீவருக்கும், பேலன்ஸுக்கும் கல் வெச்சா 17 ஆகிடும். அதுக்கு மேல போறது எஸ்கேப் வீலுக்கும் லீவருக்கும் மேல வெக்கிற தொப்பிக் கல்லோ, மெயின்ஸ்பிரிங் டப்பாவுக்கு வெக்கிற கல்லோதான். 15-ல இருந்து 17-க்குப் போறதுல தெரியிற லாபம், 21-ல இருந்து 23-க்குப் போறதுல தெரியாது. ஆனா விளம்பரத்துல பெரிய எண் நல்லா விக்கும். மெகாபிக்சல் பார்த்து போன் வாங்கின நமக்கு இது புதுசா என்ன?

முந்தி மூவ்மென்ட் மேல அட்ஜஸ்டட்னு மட்டும் பொறிச்சு விட்டுடுவாங்க. எதுக்கு அட்ஜஸ்ட் பண்ணது? வெப்பத்துக்கா, பொசிஷனுக்கா, எத்தனை பொசிஷனுக்கு? வாங்குறவருக்குத் தெரியாது. பின்னால விதி இறுகினப்போ அஞ்சு பொசிஷன்னு எண்ணோட வெளிப்படையாப் பொறிக்க வேண்டி வந்துச்சு. ஒரே உருளை செஞ்ச ரெண்டு வேலையைப் பிரிச்சு டபுள் ரோலர் கட்டாயமாச்சு. குலுக்கல்ல லீவர் தவறான பக்கம் சிக்கிக்கிற ஆபத்து இதனால குறையும். 17 ஜுவல் போதும்னு இருந்த இடத்துல, புதுசா வாங்குறவங்க 19, அப்புறம் 21 காட்டணும்னு பல ரயில்வேக்கள் கேக்க ஆரம்பிச்சாங்க. 1903 வாக்குல வந்த ஹாமில்டன் 992, 16 சைஸ், 21 ஜுவல், அஞ்சு பொசிஷன்னு இந்தப் புது அளவுகோலுக்கே தைச்ச சட்டை மாதிரி இருந்துச்சு. பல வருஷம் ரயில்வேக்காரங்களோட செல்ல வாட்ச் அதுதான்.

அப்போ பழைய 17 ஜுவல் வெச்சிருந்தவர் தூக்கிப் போடணுமா? பொதுவா அப்படி இல்ல. ஏற்கெனவே ஏத்துக்கிட்ட வாட்ச், சோதனையில தேறிக்கிட்டே இருக்கிற வரைக்கும் பாக்கெட்ல இருக்கலாம். புதுசா நுழையிறதுக்குத்தான் புது விதி. ஆக, 1890-களோட ரயில்வே வாட்ச் 1910-ல புதுசா வந்தா உள்ளயே விட மாட்டாங்க. ஆனா உள்ள இருந்த பழசு நிம்மதியா ஓடிக்கிட்டு இருக்கும். ஒரு பழைய மூவ்மென்ட் ரயில்வே தரமான்னு கேட்டா, எந்த வருஷம், எந்த ரயில்வேன்னு திருப்பிக் கேக்கிறதுதான் சரியான பதில்.

பால் செஞ்ச வாட்ச், பால் செய்யாத வாட்ச்

டயல்ல பால்னு பேர் போட்ட வாட்சுகள் ஆயிரக்கணக்குல உண்டு. ஆனா பாலுக்கு ஃபேக்டரி கிடையாது. ஹாமில்டன், வால்தம், இல்லினாய், ஹாம்ப்டன், ஹோவர்டு மாதிரி கம்பெனிகள்கிட்ட தன்னோட அளவுக்குச் செய்யச் சொல்லி, தேறினதை எடுத்துத் தன் பேரைப் போட்டு வித்தார். ஹாமில்டன் அவருக்காகச் செஞ்ச 18 சைஸ் 999, அந்தக் கம்பெனி சொந்தப் பேர்ல வித்த மூவ்மென்ட்களுக்கு அண்ணன் தம்பி மாதிரி. ரயில்வே தொழிற்சங்கங்களோட எழுத்து பொறிச்ச டயல்களும் வித்தார். சங்கத்துல இருக்கிற டிரைவருக்கு அது வாட்ச் மட்டும் இல்ல, அடையாளமும்கூட.

இங்கதான் நெருடல். வாட்சைச் சோதிக்கிறவரும் அவரே, வாட்சை விக்கிறவரும் அவரே. எஃப்.சி. போடுற ஆபீஸர் பக்கத்துலயே லாரி ஷோரூம் வெச்சிருந்தா நாம சும்மா இருப்போமா? வாட்சுக்குக் காசு கொடுக்க வேண்டியவரும் ரயில்வே இல்ல, தொழிலாளி. சம்பளத்துல கணிசமான பகுதியைச் சேர்த்து வாங்கணும். தவணையில வாங்கினவங்க உண்டு. விதி இறுகும்போதெல்லாம் அந்தச் சுமை அவங்க தலையிலதான் ஏறுச்சு. பாதுகாப்போட லாபம் கம்பெனிக்கும் பயணிக்கும், செலவு ஓட்டுறவருக்கு.

இதைச் சொல்லிட்டு, இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். பாலோட பேர் போட்ட வாட்சைத்தான் வாங்கணும்னு கட்டாயம் இருக்கல. விதிக்குள்ள வர்ற எந்தக் கம்பெனி மூவ்மென்ட்டும் செல்லும். எல்ஜின்காரரும் வால்தம்காரரும் அதே அட்டையில அதே கையெழுத்தை வாங்கினாங்க. அவரோட முறை ஒரே கம்பெனியை வளர்க்கிறதுக்குப் பதிலா எல்லாக் கம்பெனிகளையும் ஒரே கோட்டுக்கு மேல ஏற வெச்சது. லாபம் பார்த்தார், சந்தேகமே இல்ல. ஆனா அளவுகோல் எழுத்துல, எண்ணுல, எல்லாருக்கும் தெரியிற மாதிரி இருந்துச்சு. அதனாலதான் அவரைத் தாண்டியும் அது நின்னுச்சு.

அந்த அட்டை

மூவ்மென்ட் பத்தி எவ்வளவு பேசினாலும், பாலோட உண்மையான கண்டுபிடிப்பு ஒரு சின்ன அட்டைன்னுதான் எனக்குத் தோணுது. பாதை நெடுக ஊர் ஊரா நகைக்கடைக்காரங்களைப் பரிசோதகர்களா நியமிச்சாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரைவர், கார்டு எல்லாரும் போய் வாட்சைக் காட்டணும். கடையில இருக்கிற தரக் கடிகாரத்தோட ஒப்பிட்டு, எத்தனை விநாடி முன்ன, எத்தனை விநாடி பின்னன்னு அட்டையில எழுதிக் கையெழுத்து போடுவாங்க. வரம்பைத் தாண்டினா வாட்ச் ரிப்பேருக்குப் போகும். அது திரும்பி வர்ற வரைக்கும் கடைக்காரர் இரவல் வாட்ச் கொடுப்பார். வேலையும் நிக்காது, தப்பான நேரமும் பாக்கெட்ல இருக்காது.

இதுல ஒரு நுணுக்கம். அட்டையில வரிசையா எழுதின எண்களைப் பார்த்தா வாட்சோட குணம் தெரியும். தினமும் 3 விநாடி முன்னாடி ஓடுற வாட்ச் நல்ல வாட்ச்தான், சின்னத் திருத்தம் போதும். ஒரு வாரம் முன்ன, மறு வாரம் பின்னன்னு தாவுற வாட்ச்தான் ஆபத்து. சராசரி பூஜ்யமா இருந்தாலும் அதை நம்ப முடியாது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பயஸ் வேற, வேரியன்ஸ் வேறன்னு படிச்சோமே, அதை அந்த நகைக்கடைக்காரங்க பேர் தெரியாமலே நடத்திக்கிட்டிருந்தாங்க.

இந்த ஏற்பாடு லேக் ஷோர்ல ஆரம்பிச்சு, அமெரிக்காவோட பெரும்பாலான ரயில்வேக்களுக்குப் பரவுச்சு. கனடா, மெக்சிகோ பக்கமும் போச்சு. 1922-ல பால் இறந்தப்போ அவர் மகன் சிட்னி பொறுப்புல இருந்தார். பால்ங்கிற பேர்ல இன்னிக்கும் கைக்கடிகாரம் விக்குது, இப்போ சுவிஸ் தயாரிப்பா. ஆங்கிலத்துல சுறுசுறுப்பா இருக்கிறவரை ஆன் தி பால்னு சொல்றது இவர் பேர்ல இருந்து வந்ததுன்னு ஒரு கதை சுத்துது. நம்பாதீங்க. சொல் ஆராயிறவங்க அதை விளையாட்டுப் பந்தோடதான் சேர்க்கிறாங்க.

நம்ம ஊர் ஏன் வேற வழியில போச்சு?

இந்தியாவுல ரயில்வே வாட்ச் இவ்வளவு பெரிய கதை ஆகாததுக்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டிஷ் வழக்கத்துல ஒத்தைத் தண்டவாளத்துக்குக் காவல் வாட்ச் இல்ல, டோக்கன். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒரு வண்டிதான். அதுக்கு அடையாளமா ஒரு பொருள் டிரைவர் கையில இருக்கணும். நம்ம ஊர்ல ரொம்பப் பழக்கமானது நீல்ஸ் டோக்கன். இரும்பு உருண்டை ஒண்ணை தோல் பையில போட்டு, பெரிய வளையத்துல மாட்டி, ஓடுற வண்டியில இருந்து மாத்திக்குவாங்க. ரெண்டு ஸ்டேஷன்லயும் இருக்கிற கருவிகள் மின்சாரத்துல பிணைஞ்சிருக்கும். ஒரு உருண்டை வெளிய இருந்தா, அடுத்த உருண்டை எந்தப் பக்கமும் வெளிய வராது.

வித்தியாசம் புரியுதா? வாட்ச் முறையில, எல்லாரும் சரியா இருந்தா விபத்து இல்ல. டோக்கன் முறையில, யாராவது தப்பா இருந்தா வண்டியே கிளம்பாது. கிப்டன்ல இருந்து பால் எடுத்த பாடம், வாட்சை நல்லாக்கு, அடிக்கடி சோதின்னு போச்சு. வாட்சை நம்பாத ஒரு முறையைக் கட்டுன்னு அது போகல. ஆயிரக்கணக்கான மைல் வெறும் சமவெளியில ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கருவியும் ஆளும் வெக்கிறது செலவு. வாட்சோட செலவைத் தொழிலாளி ஏத்துக்கிட்டார். இருந்த முறைக்குள்ள முடிஞ்ச வரைக்கும் நல்லதைச் செஞ்சவர் பால். முறையையே மாத்தினவர் இல்ல. அவரோட பெருமையும் எல்லையும் அங்கதான்.

உங்க வீட்டு பீரோவுல

பழைய சேலம் மாவட்டம்னா அதுல ஓசூரும் சேர்த்தி. 1965-ல தருமபுரி மாவட்டம் பிரியிற வரைக்கும் அப்படித்தான். 1980-கள்ல அந்த ஓசூர்லதான் டைட்டன் ஃபேக்டரி வந்து, குவார்ட்ஸ் வாட்சைக் கைக்கெட்டுற விலைக்குக் கொண்டுவந்துச்சு. பால் முப்பது விநாடிக்குப் பட்ட பாட்டை, பேட்டரி போட்ட சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாசத்துக்கே அதைவிடக் குறைஞ்ச பிழையில முடிச்சிடுது.

ஆனா தாத்தாவோட எச்.எம்.டி. வாட்ச் ஒண்ணு இன்னும் பல வீட்டுல பீரோவுக்குள்ள இருக்கும். டயல்ல 17 ஜுவல்ஸ்னு எழுதியிருக்கும். இப்போ அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியும். வாங்கினப்போ அது நல்ல மெஷின், அவ்வளவுதான் அந்த எழுத்து சொல்லும். இன்னிக்கு எப்படி ஓடுதுன்னு அது சொல்லாது. பழைய வாட்ச் வாங்குற ஆசை இருந்தா, புதுசா அச்சடிச்ச டயலைப் பார்த்து மயங்காதீங்க. பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க, மூவ்மென்ட்ல இருக்கிற பேரையும் எண்ணையும் பாருங்க. சாவி கொடுத்து, போன் நேரத்தோட ஒப்பிட்டு, ஒரு வாரம் தினமும் வித்தியாசத்தை எழுதி வைங்க. படுக்க வெச்சு, நிக்க வெச்சு, தலைகீழா வெச்சு எழுதுங்க. ஏழு நாள்ல ஏழு எண். அந்தக் காகிதம்தான் அந்த வாட்சோட உண்மையான தரச் சான்று. தேதி போட மறந்துடாதீங்க.